வீக்கம் வடியும் வரை

"இனிமே யாராச்சும் கேட்டா, நீ எனக்கு யாருன்னு சொல்றது?"

"யாரும் கேக்க மாட்டாங்க அத்தை."

"கேக்காம இருப்பாங்களா?"

"கேக்கும்போது பாத்துக்கலாம். இப்ப இந்தத் தண்ணியக் குடிங்க."

பதினோரு மாதங்களுக்கு முன்னால், கடலூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்த பேருந்துக்குள் பேசியது. அன்று காலைதான் சத்யப்பிரியாவுக்கும் பிரவின்குமாருக்கும் விவாகரத்து ஆகியிருந்தது. பிரவின் கோர்ட் வாசலிலிருந்தே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். அவனுக்கு அங்கே வேலை இருந்தது. அவனுக்காகக் காத்திருந்த இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவனுடைய அம்மா ராஜாம்பாள் மட்டும் ஒரு நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சத்யாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வருடம் மூவரும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள்தான். ஆனால் குவார்ட்டர்ஸ் சத்யாவின் பெயரில் இருந்தது. நெய்வேலி தெர்மல் மின் நிலையத்தில், தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் அவளுக்கு பெர்மனென்ட் வேலை. மகனே இல்லாத வீட்டில் மகனைப் பெற்றவளுக்கு என்ன இடம் என்று ராஜாம்பாள் தானாகவே முடிவு செய்து, முதல் நாள் இரவே பெட்டியைக் கட்டிவிட்டாள். காடாம்புலியூரில் தம்பி வீட்டில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

பேருந்து பண்ருட்டியைத் தாண்டியது. முந்திரித் தோப்புகள் வந்தன. காடாம்புலியூர் நிறுத்தத்தில் நடத்துநர் விசில் கொடுத்தார். ராஜாம்பாள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கம்பியைப் பிடிக்கப் போன கையும் மடங்கவில்லை, காலும் நிமிரவில்லை. இரண்டு முழங்காலும் புடவைக்கு மேலேயே தெரியும் அளவுக்கு வீங்கியிருந்தன. நடத்துநர் மறுபடியும் விசிலடித்தார்.

"நெய்வேலிக்கே குடுங்க அண்ணா, ஒரு டிக்கெட்" என்றாள் சத்யா. பிறகு ராஜாம்பாளைப் பார்க்காமல், முன் சீட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வீக்கம் வடியற வரைக்கும் இருங்க அத்தை. அப்புறம் போய்க்கலாம்."

பத்து நாளோ பதினைந்து நாளோ என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அது முடக்குவாதம் என்று தெரிந்தது பிறகுதான். புதுச்சேரியில் டாக்டர் உமாராணியிடம் சத்யா நேரில் அழைத்துக்கொண்டு போனாள். மூட்டு நோய்க்கென்றே படித்தவர், நிதானமாகப் பேசுகிறவர். கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை எழுதினார். வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமைதான், தினமும் சாப்பிட்டால் ஆபத்து என்று மூன்று தடவை சொன்னார். மாதாமாதம் இவ்வளவு தூரம் பேருந்தில் வரவேண்டாம், இனி வீடியோவில் பார்க்கலாம் என்றார்.

கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று பக்கத்து பிளாக்கில் கேட்டவர்கள் உண்டு. விவாகரத்து ஆன அடுத்த வாரமே சத்யா, மருத்துவச் சலுகைக்காகத் தான் கொடுத்திருந்த குடும்பப் பட்டியலிலிருந்து மாமியார் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாள். சட்டப்படி இப்போது மாமியார் இல்லையே. அதை எழுதிய அன்று வீட்டுக்கு வந்து ராஜாம்பாளிடம் சொல்ல முடியாமல், வெகுநேரம் வெங்காயம் நறுக்கினாள்.

வீடியோ ஆலோசனை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். அன்று ராஜாம்பாள் தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி போன் முன்னால் உட்காருவாள். டாக்டர் ஒவ்வொரு தடவையும் தன் பெயரையும் மருத்துவ கவுன்சிலின் பதிவு எண்ணையும் சொல்லித்தான் ஆரம்பிப்பார். பிறகு நோயாளியின் பெயரையும் வயதையும் கேட்பார்.

"பஸ்சுல எழுதியிருக்கிற மாதிரி டாக்டருக்கும் நம்பரா?" என்று ராஜாம்பாள் முதல் தடவை காதோரம் கேட்டாள்.

பெயரும் வயதும் சொல்வதோடு அவள் வேலை முடிந்துவிடும். காலையில் எவ்வளவு நேரம் விரல் மடங்காமல் இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, வாந்தி உண்டா, எல்லாவற்றுக்கும் சத்யாதான் பதில் சொல்வாள். லேபில் ரீடிங் வாசித்துப் பழகிய வாய். ராஜாம்பாள் யோசித்து உதட்டைப் பிரிப்பதற்குள் இவள் அடுத்த கேள்விக்கே போயிருப்பாள். மாத்திரை விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வியாழன் காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால், அவளே எடுத்து ராஜாம்பாளின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

ஆனால் வீக்கம் வடியவில்லை. இரண்டு மாதம் இறங்குவது போல இருந்து, மறுபடியும் ஏறியது. டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். போன தடவை, அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் குறையவில்லை என்றால் ஊசிக்கு மாற வேண்டியிருக்கும், அது கடுமையான மருந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே குறைத்துவிடும், பழைய காசநோய் எதுவும் உண்டா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் ஆரம்பிக்க முடியும் என்று சொல்லியிருந்தார்.

நீலப் பெட்டி அந்தப் பதினோரு மாதமும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ராஜாம்பாள் தினமும் குனிந்து அதை இழுத்து, ஒரு புடவையை எடுத்துவிட்டுத் திரும்பத் தள்ளி வைப்பாள். துவைத்து மடித்த புடவையும் அதற்குள்தான் போகும். சத்யா இதைக் கவனித்திருந்தாள். போவதற்குத் தயாராக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படி நினைக்க இன்னொரு காரணமும் இருந்தது. "சத்யா, ஒண்ணு கேக்கணும்" என்று ராஜாம்பாள் சில நாள் ஆரம்பிப்பாள். சத்யா கையிலிருக்கும் வேலையை நிறுத்துவாள். என்ன வேண்டும் என்று திரும்பினால், காபித்தூள் தீர்ந்துவிட்டதா என்பாள், அல்லது கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்பாள். என்னை மவன்கிட்ட அனுப்பிடு என்பதுதான் அந்தக் கேள்வி என்று சத்யாவுக்குத் தோன்றிவிட்டது. அதனால் அவளும் தூண்டிக் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் ராஜாம்பாள் இங்கே இருப்பாள். ஆறு வருடத்துப் பழக்கம் அந்தக் கல்யாணத்தோடு போகவில்லை. லேபிலிருந்து திரும்பி வரும்போது வாசல் விளக்கு எரிந்துகொண்டிருப்பதும், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருத்தி கோபிப்பதும் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்டு வாங்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

புதன்கிழமை மத்தியானம் ரத்தப் பரிசோதனை முடிவு போனில் வந்தது. லேபில் எண்களோடு வாழ்கிறவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீக்கத்தைக் காட்டும் எண் மறுபடியும் ஏறியிருந்தது. டீ நேரத்தில் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று டாக்டரை அழைத்தாள்.

டாக்டர் வணக்கம் சொல்லிவிட்டு, அம்மா பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். வீட்டில் இருக்கிறார்கள், நான் வேலையில் இருக்கிறேன் என்றாள் சத்யா.

டாக்டர் கொஞ்சநேரம் எதையோ தேடிப் படித்தார். "நோயாளி இல்லாம மத்தவங்க பேசறதுக்கு ஒரு அனுமதிப் படிவம் உண்டு. நீங்க அனுப்பினதை இப்பதான் முழுசாப் பாக்கறேன். உறவுங்கிற இடத்துல மகள்னு போட்டிருக்கீங்க. ஆனா உங்க ஆதார்ல அப்பா பேரு சோமசுந்தரம். அம்மாவோட வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன்."

சத்யாவுக்குக் காது சுட்டது. மருமகள் என்று போடமுடியாது, அது முடிந்துவிட்டது, வேறு எதைப் போடுவது என்று தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "அது பரவாயில்ல. கீழ அவங்க கையெழுத்து இருக்கணும். உங்க கையெழுத்து இருக்கு. அதுக்கும் கீழ ஏதோ நம்பர் வேற."

"எம்ப்ளாயி நம்பர்ங்க."

சொன்ன பிறகுதான் தான் செய்தது என்னவென்று சத்யாவுக்கே புரிந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்ததிலிருந்து அவள் பார்த்த விண்ணப்பங்கள் அத்தனையும் அப்படித்தான். குடும்பத்தில் யாருக்கு என்ன தேவையென்றாலும் வேலையில் இருப்பவர் கையெழுத்துப் போட்டு, கீழே நம்பரை எழுதுவார். அம்மாவுக்காக அவளுடைய அப்பா போட்டார், அவளுக்காகவும் போட்டார். பிறகு அவள் போட்டாள். வீட்டில் இருக்கும் மற்றவர்களை யாரும் கேட்டதில்லை.

"அவங்க சார்பா நீங்க பேசலாம்னு, நீங்களே உங்களுக்கு அனுமதி குடுத்திருக்கீங்க" என்று டாக்டர் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். குழந்தையோ, நினைவில்லாதவரோ என்றால் கூட இருப்பவர் பேசலாம். சுயமாகப் பேசக்கூடிய பெரியவர் என்றால், அவர் எதிரில் இல்லாதபோது இன்னொருவரிடம் பேச அவருடைய எழுத்து வேண்டும், அல்லது உறவுக்கு அரசு ஆவணம் வேண்டும். இரண்டும் இல்லாமல் தொலைவிலிருந்து மருந்தை மாற்றி எழுத மருத்துவ கவுன்சிலின் வழிமுறையில் இடமில்லை. போனில் பார்க்கிறோம் என்பதற்காக நோயாளி நோயாளி இல்லாமல் போய்விடுவாரா?

"நேத்துகூட ஒருத்தர் ஒரு நோயாளியோட ரிப்போர்ட்டெல்லாம் அனுப்பச் சொன்னார். நெருங்கின சொந்தம்தான். அவருக்கும் இதேதான் சொன்னேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு அம்மாவோட வாங்க. நாளைய மாத்திரையை என்கிட்ட பேசறவரைக்கும் குடுக்க வேண்டாம். ஊசிக்கு மாறணும்னா அதை அவங்க வாயால கேட்டுட்டுத்தான் எழுதுவேன்."

அந்த ஒருத்தர் பிரவினாக இருக்குமோ என்ற எண்ணம் சத்யாவுக்கு வந்தது. வந்தபின் போகவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் அவள் யாரோடும் பேசவில்லை.

வீட்டில் ராஜாம்பாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல் ஒத்துழைக்காததால் காம்பைத் தட்டில் அழுத்திப் பிடித்து, மணிக்கட்டால் இழுத்து உருவிக்கொண்டிருந்தாள். சத்யா படிவத்தில் செய்த தப்பைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உங்க மைன்ஸ் பழக்கம் அது. எங்க வூட்டுக்காரரும் அப்பிடித்தான். சொரங்கத்துக்கு எங்க நெலம் எடுக்கும்போது அவரே போட்டாரு, அதுக்கு வேல குடுக்கும்போதும் அவரே போட்டாரு. நான் எங்க போட்டேன்? டிபென்டன்ட்டுன்னு ஒரு பேரு வெச்சி என்ன உள்ள தள்ளிப்புட்டாங்க." சிரிப்பு நின்றது. கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிரவினு போன் பண்ணான். ஞாயித்துக்கெழம வரானாம். பெங்களூருல பெரிய ஆஸ்பத்திரி இருக்காம், கூட்டிகினு போறேங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவனும் கேக்கல."

போகாதீங்க என்று சொல்ல சத்யாவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. பெற்ற மகன் கூப்பிடும்போது குறுக்கே நிற்க நான் யார் என்று அதை விழுங்கிவிட்டு, கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். ராஜாம்பாளின் விரல்கள் பத்து மணிக்கு முன்னால் பேனாவைப் பிடிக்காது. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அவள் கைகள் இரண்டையும் அதில் அமிழ்த்திவைத்துக் காத்திருந்தார்கள். ராஜாம்பாள் வழக்கம்போல் பூ வைத்திருந்தாள், ஆனால் முகம் கல்யாணத்துக்குப் போகிற முகமாக இல்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு டாக்டர் திரையில் வந்தார். பெயர், பதிவு எண். பிறகு நோயாளியின் பெயர், வயது.

"அம்மா, இந்த ஆலோசனை வீடியோவுல நடக்கறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதந்தாங்க."

"பக்கத்துல இருக்கறவங்க உங்களுக்கு யாரு?"

சத்யா வாயைத் திறந்தாள். டாக்டர் கையை உயர்த்தித் தடுத்தார். "நீங்க இல்ல. அவங்க சொல்லட்டும்."

ராஜாம்பாள் சத்யாவைத் திரும்பிப் பார்த்தாள். பேருந்தில் கேட்ட கேள்வி அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எம் மவன் கட்டிகினு வந்தவங்க. அப்பறம் அவன் வுட்டுட்டுப் போயிட்டான். நான் வுடல." கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு என்னா பேருன்னு எனக்குத் தெரியலீங்க."

"பேரு தேவையில்லம்மா. இவங்க பேரை எழுதி, எனக்காக இவங்க பேசலாம்னு எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். வேற யாருக்கும் தகவல் குடுக்கணுமா?"

"மவன் கேட்டா நல்லாருக்கேன்னு சொல்லுங்க."

"நீங்க அனுமதிச்சாத்தான் அதையும் சொல்லமுடியும்."

"அப்ப அது மட்டும் அனுமதி குடுக்கறேன்" என்றாள் ராஜாம்பாள், பட்டா எழுதிக் கொடுப்பவள் போல. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

கையெழுத்துக்கு நேரம் பிடித்தது. சத்யா எழுதிய இரண்டு வரிகளையும் ராஜாம்பாள் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தாள். பிறகு வெந்நீரில் சிவந்த விரல்களால் ஒவ்வோர் எழுத்தாக ராஜாம்பாள் என்று போட்டாள். கீழே எந்த நம்பரும் எழுதவில்லை. சத்யா அந்தத் தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

"இப்ப மருந்துக்கு வருவோம். ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும். வியாழக்கிழமை மாத்திரை எப்படிச் சாப்பிடறீங்கன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வி நேராக அவளிடம் வந்தது இதுதான் முதல் தடவை. சத்யா பதில் சொல்லாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ராஜாம்பாள் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து நீலப் பெட்டியை இழுத்தாள். புடவைகளுக்கு அடியில் கைவிட்டு, ஒரு பவுடர் டப்பாவை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தாள். மஞ்சள் மாத்திரைகள் உருண்டன. ஒன்று விளிம்பு வரை போய் நின்றது.

"சித்திரையிலேர்ந்து சாப்புடலீங்க" என்றாள்.

சத்யா அந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் உள்ளங்கையில் வைத்துவிட்டு, விழுங்கினார்களா என்று நின்று பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியது நினைவுக்கு வந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று மாதாமாதம் ரீடிங் வாசிப்பது போல் தானே சொன்னதும் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லை நம்பித்தான் அளவு கூடியது. அந்தச் சொல்லை நம்பி ஊசியும் ஏறியிருக்கும்.

டாக்டரின் குரலில் கடுமை இல்லை. வயிற்றைப் புரட்டியதா, பயமாக இருந்ததா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, முதல் இரண்டு மாதம் சாப்பிட்டபோது நன்றாகவே கேட்டது, வீக்கம் வடிய ஆரம்பித்தது என்றாள் ராஜாம்பாள்.

"அப்புறம் ஏம்மா நிறுத்தினீங்க?"

"அத இவகிட்டத்தான் சொல்லணுங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு தோண்டவில்லை. ஊசி இப்போது வேண்டாம் என்றார். சேர்த்து வைத்ததில் ஒன்றைக்கூட விழுங்கக்கூடாது, அதையெல்லாம் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், முதலில் கொடுத்த குறைந்த அளவிலிருந்தே புதிதாக ஆரம்பிக்கலாம், மருந்துச் சீட்டு இன்றே வரும் என்றார். ஒரு மாதம் கழித்து நேரிலும் ஒரு தடவை பார்க்கவேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் கை நன்றாகத் திரும்பும் என்று ராஜாம்பாளின் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

போன் திரை இருண்டது. சத்யா மாத்திரைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடினாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"ஏன் அத்தை?"

"நீதான சொன்ன, பஸ்சுல. வீக்கம் வடியற வரைக்கும் இருங்கன்னு." ராஜாம்பாள் தன் கைகளை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "மாத்திர நல்லாக் கேட்டுச்சு. ஒரு நாள் காலைல எழுந்தேன், சும்மா வெரலு மடங்குது. பயந்துட்டேன்."

நான் போகச் சொல்லவே இல்லையே என்று சத்யா நினைத்தாள். இருங்கள் என்றும் சொல்லவில்லை என்பது அடுத்த கணமே தெரிந்தது. இந்த முறை அவள் முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை. டாக்டர் காத்திருந்தது போல, அவளும் காத்திருந்தாள்.

நீலப் பெட்டி தரையில் திறந்தே கிடந்தது. மடித்த புடவைகள் தெரிந்தன.

"சத்யா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அத்தை."

ராஜாம்பாள் காபித்தூளைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரோரம் இருந்த பீரோவைப் பார்த்தாள்.

"அதுல எனக்கு ஒரு தட்டு ஒழிச்சுக் குடு."